எட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆளா?

"எட்டுப் பிள்ளையளுக்கு ரெண்டு ஆளாக்கும்? ஒருத்தி போதாதா?"

குமரி மாவட்டத்தில் அங்கன்வாடிப் பேச்சு எங்கே எழுந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே எழுந்துவிடும். டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நடைப்பயிற்சிக்கு நடுவே நின்றுகொண்டு கேட்கிறார்கள். டீச்சர் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு நாலு எழுத்து சொல்லிக்கொடுப்பார், ஆயா எதற்கு? பெருக்கிவிட்டுச் சோறு வடிக்க அரசாங்கச் சம்பளமா? இதுவே கொஞ்சம் நாகரிகமான வாயிலிருந்து வரும்போது, அந்தக் காசில் ஒரு ஸ்மார்ட் டி.வி. வாங்கலாமே, டீச்சருக்கு நல்ல பயிற்சி கொடுக்கலாமே என்று மாறும். உள்ளே இருப்பது ஒரே எண்ணம்தான். கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் கல்வியாளர், அடுப்புக்கு முன்னால் நிற்பவர் எடுபிடி.

இந்த எண்ணம் தவறு என்பதோடு, படித்த மாவட்டத்துக்கே உரிய தவறு என்றும் நினைக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. பள்ளிக்கூடத்தைக் கொண்டாடும் ஊரில் கல்வி என்றால் சிலேட்டு, புத்தகம், பரீட்சை என்றே மனதில் பதிந்துவிடுகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கல்வி அப்படி வருவதில்லை.

தோவாளைப் பக்கம், வயல்களுக்கு நடுவே புது வீடுகள் முளைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஊரின் அங்கன்வாடியை எடுத்துக்கொள்வோம். ஓர் அறை, அதை ஒட்டிச் சமையலறை, பின்னால் கழிப்பறை. காலையில் உதவியாளர், அதாவது ஊர் 'ஆயா' என்று அழைப்பவர், வந்து பூட்டைத் திறக்கிறார், கூட்டுகிறார், தண்ணீர் பிடித்து வைக்கிறார். பிறகு தெருவுக்குள் இறங்கி நடக்கிறார். அம்மா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை, பாட்டி மட்டும் இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை. ஒன்று இடுப்பில், ஒன்று கையில், இரண்டு முன்னே ஓட, மையத்துக்குத் திரும்புகிறார். வந்ததும் அரிசி களைய வேண்டும், முட்டை அவிக்க வேண்டும்.

டீச்சர் அதற்குள் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து வட்டம், சதுரம் என்று அட்டைகளைக் காட்டத் தொடங்கியிருப்பார். மூன்றாவது அட்டையில் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், ஒண்ணுக்கு" என்கிறது. இரண்டரை வயது. கூட்டிப்போய், உடை கழற்றி, கழுவிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிக்கொடுத்துத் திரும்ப ஐந்து நிமிடமாவது ஆகும். உதவியாளர் இருக்கும் மையத்தில் அவர் கைப்பிடித்துக் கூட்டிப்போவார். டீச்சர் நான்காவது அட்டையை எடுப்பார். அவர் இல்லாத மையத்தில் வகுப்பு அந்த இடத்தில் அறுந்துவிடும். டீச்சர் திரும்பி வரும்போது ஒன்று அட்டையைக் கடித்துக்கொண்டிருக்கும், ஒன்று அழும், ஒன்று வாசலைத் தாண்டியிருக்கும். பிறகு எங்கே சதுரம், எங்கே வட்டம்? இப்படி ஒரு காலையில் எத்தனை தடவை அறுகிறது என்று போய்ப் பார்த்தவர்கள் 'ஒருத்தி போதாதா' என்று கேட்க மாட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தையும் பார்க்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு. மஞ்சள் கருவைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் பிள்ளை ஒன்று எல்லா மையத்திலும் இருக்கும். அதன் தட்டுக்கு முன்னால் உதவியாளர் குந்தி உட்காருகிறார். "மக்ளே, இத எத்தனையா உடைக்கட்டும்? ரெண்டாவா, நாலாவா?" பிள்ளை யோசித்து நான்கு விரல் காட்டுகிறது. "நாலுல ஒண்ண தின்னாச்சு. மிச்சம் எத்தன?" கணக்கு வகுப்பு அங்கே நடந்துகொண்டிருக்கிறது. உடைப்பதையும் சேர்ப்பதையும் கூட்டுவதையும் கழிப்பதையும் கையால் தொட்டு, வாயால் சொல்லிப் படிக்கிறது பிள்ளை. எந்தப் பதிவேட்டிலும் இது 'கற்பித்தல்' என்று ஏறாது, 'உணவு வழங்கப்பட்டது' என்று ஏறும்.

இன்னொன்றும் உண்டு. உதவியாளர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர். கடற்கரை ஊரில் வலை, மடி என்று பேசிவரும் பிள்ளையின் பேச்சும், விளவங்கோடு பக்கம் மலையாளம் கலந்து பேசும் பிள்ளையின் பேச்சும் அவருக்குச் சட்டென்று புரியும். வீட்டில் அப்பா குடித்துவிட்டுச் சண்டை போட்ட மறுநாள் பிள்ளை ஏன் மூலையில் ஒதுங்கி இருக்கிறது என்றும் தெரிந்திருக்கும். ஊரின் இந்த அறிவை எந்தப் பயிற்சி நிலையத்திலும் கொடுக்க முடியாது.

டீச்சர் டீச்சராக மட்டும் இருக்கிறாரா என்று பார்த்தால் அதுவும் இல்லை. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே, பாலர் கல்வியோடு ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, தாய்மாருக்கு ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டன. 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபோது இரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளுக்கும் அதன்வழி சோறு வந்தது. இன்று டீச்சர், ஏட்டில் 'அங்கன்வாடிப் பணியாளர்', பிள்ளைகளை எடை பார்க்கிறார், உயரம் அளக்கிறார், கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போகிறார், சத்துமாவு கொடுக்கிறார், போலியோ முகாமில் நிற்கிறார், வாக்காளர் பட்டியல் வேலைக்கும் ஓடுகிறார். 2021-இல் வந்த 'போஷன் டிராக்கர்' செயலியில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுக்கும் உணவுக்குப் பயனாளியின் முகத்தைச் செல்பேசியில் பதிந்து சரிபார்க்கவும் வேண்டும். சிக்னல் கிடைக்காத மலையடிவார ஊரில் கைக்குழந்தைக்காரியை வாசலில் நிறுத்தி, செல்பேசியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருக்கும் டீச்சரிடம், உள்ளே பிள்ளைகளுக்கு வட்டம் சதுரம் சொல்லிக்கொடுத்தாயிற்றா என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை.

திட்ட அலுவலகக் கூட்டத்துக்கு டீச்சர் போகும் நாளில் மையத்தை நடத்துபவர் யார்? உதவியாளர்தான். அன்று கதை சொல்பவரும் அவர்தான், சண்டை தீர்ப்பவரும் அவர்தான். கல்விக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லும் அதே ஏற்பாடு, தனக்குத் தேவைப்படும்போது மொத்த வகுப்பையும் அவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறது. ஒப்படைப்பதற்கேற்ற பயிற்சியை மட்டும் கொடுப்பதில்லை.

இதெல்லாம் கண்ணால் பார்த்த கதை, கணக்கு எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தமிழ்நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களில் அரைநேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். பணியாளரும் உதவியாளரும் கொண்ட அமைப்பில் மேலும் ஒருவர். பாலர் கல்வி மட்டும் அவருடைய வேலை. அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதங்களில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்குக் கூடுதல் நேரம் கிடைத்ததால், வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும் கடுமையான ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளும் மற்ற மையங்களைவிடக் குறைந்தார்கள். ஆளுக்கு ஆகும் செலவைவிடக் கிடைக்கும் பலன் பெரிது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

எதிர்த் தரப்பார் உடனே பிடித்துக்கொள்வார்கள்: "பாருங்கள், அது கற்பிக்கும் ஆள். ஆயா இல்லையே!" உண்மைதான். கூட்டப்பட்டவர் சமையலுக்கு வந்தவரல்ல. ஆனால் அந்த ஆய்வு இரண்டு பேர் உள்ள அமைப்பே போதவில்லை என்று காட்டுகிறது. இரண்டு பேர் போதவில்லை என்ற முடிவை வைத்துக்கொண்டு ஒருவர் போதும் என்று யாரும் வாதாட முடியாது. மூன்றாவது ஆளால் வந்த நன்மையின் சூட்சுமமும், ஒவ்வொருவரையும் அவரவர் வேலையைச் செய்யவிட்டதில்தான் இருக்கிறது. உதவியாளர் காலம் காலமாகச் செய்துவருவது அதைத்தான். கொத்தனாருக்குக் கையாள் எதற்கு என்று நம் ஊரில் வீடு கட்டும் எவரும் கேட்பதில்லை. சாந்து குழைக்கவும் கல் எடுக்கவும் கொத்தனாரே இறங்கி ஏறினால் சுவர் எழும்பாது என்று தெரியும்.

'பிள்ளைகளே குறைவு' என்ற வாதத்துக்கு வருவோம். குமரியில் பிள்ளைப்பேறு குறைந்திருப்பது உண்மை. மூன்று வயதானதும் வேன் வந்து நர்சரிப் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போவதும் உண்மை. எட்டுப் பிள்ளைகள் இருந்தாலும் அடுப்பு பற்றவைத்தே ஆக வேண்டும், இருபது பிள்ளைகள் இருந்தாலும் அதே அடுப்புதான். எட்டுப் பேரில் ஒருவன் கழிப்பறைக்குப் போனால் ஏழு பேரை யார் பார்ப்பது என்ற கேள்வி, இருபது பேர் இருக்கும் இடத்தில் எழுவதைப் போலவே இங்கும் எழுகிறது. 2013-இல் வந்த தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, மூன்று வயதுக்கு மேல் 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், மூன்றுக்குக் கீழ் 10 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று சொல்கிறது. அந்த ஒருவர் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பது பொருள். கொதிக்கும் உலையைப் பார்த்துக்கொண்டே அல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பலிகொண்ட தீ சமையலறையில் தொடங்கியதுதான். கூரை, குறுகிய படிக்கட்டு என்று அங்கே தவறுகள் பல. ஆனாலும் அடுப்பருகே ஓர் ஆளும் பிள்ளைகளருகே இன்னோர் ஆளும் எந்நேரமும் இருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகும் ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பது கொடுமை.

அந்த வேனையே கொஞ்சம் பார்க்கலாம். நாகர்கோவிலில் மாதக் கட்டணம் வாங்கும் எந்த நர்சரிப் பள்ளியிலாவது 'ஆயம்மா' இல்லாமல் இருக்கிறாரா? இல்லாத பள்ளியில் இதே பெற்றோர் சேர்ப்பார்களா? சேர்க்கைக்குப் போகும்போது நம்மவர்கள் கேட்கும் முதல் நான்கு கேள்விகளுக்குள் ஆயம்மா வந்துவிடுவார். 2012-இல் சென்னையை அடுத்து ஒரு பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு தமிழ்நாடு அரசு பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. பேருந்தில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அரை மணி நேரப் பயணத்துக்குக்கூடத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதை அரசும் ஏற்கிறது, நாமும் ஏற்கிறோம். நாள் முழுக்கச் சமையலோடும் தூக்கத்தோடும் இருக்கும் ஏழைப் பிள்ளைக்கு மட்டும் அது ஆடம்பரமாகத் தெரிகிறது. காலையிலேயே முந்திரி ஆலைக்குப் போகும் பெண்ணுக்கும், ரப்பர் பால் வெட்டும் குடும்பத்துக்கும், கடற்கரையில் மீன் விற்கும் பெண்ணுக்கும் அங்கன்வாடியை விட்டால் வேறு இடமில்லை. பிள்ளைகள் குறைந்ததற்கு ஆள் குறைவும் ஒரு காரணமல்லவா? டீச்சர் கூட்டத்துக்குப் போன நாளில் பூட்டிக் கிடக்கும் மையத்தை எந்த அம்மா நம்புவாள்?

எனக்கு அதிகம் கோபம் வருவது ஆயாவை ஏளனம் செய்பவர்கள்மீது அல்ல, புகழ்பவர்கள்மீது. 'தாய் மாதிரி பார்த்துக்கொள்கிறார்', 'இது சேவை, சம்பளத்தில் அளக்க முடியுமா?' மேடையில் சால்வை போர்த்திச் சொல்லப்படும் இந்த வாக்கியங்கள்தான் அவருடைய ஊதியச் சீட்டில் எண்ணை ஏறவிடாமல் பிடித்துவைத்திருக்கின்றன. தாய் என்று சொல்லிவிட்டால் தாய்க்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அங்கன்வாடிகளில் 7,783 காலியிடங்களை நிரப்ப அறிவிப்புக் கொடுத்தது. அதில் 3,592 உதவியாளர் இடங்கள். அத்தனை இடங்களில் அதுவரை டீச்சர் தனியாகவோ, பக்கத்து மையத்து உதவியாளரைக் கடன் வாங்கியோதான் ஓட்டியிருக்கிறார். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று தகுதி சொன்ன அந்த அறிவிப்பு, முதல் 12 மாதங்களுக்குக் கொடுக்க முன்வந்த தொகை மாதம் 4,100 ரூபாய். அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 336 ரூபாய். பன்னிரண்டு நாள் கூலிதான் இவருடைய மாதச் சம்பளம். அதற்குப் பிறகு காலமுறை ஊதியம் வரும், அகவிலைப்படி வரும், உண்மைதான். தொடக்கமே 4,100 தான். ஒன்றிய அரசின் மதிப்பூதியக் கணக்கில் உதவியாளருக்கு 2018 அக்டோபரில் 1,500-லிருந்து உயர்ந்து வந்த தொகை 2,250.

சட்டம் இந்தப் புகழ்ச்சியிலிருந்து ஓரளவு விலகிவிட்டது. 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம், குஜராத்திலிருந்து வந்த வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. 'மதிப்பூதியம்' என்று பெயர் வைத்துவிட்டால் அது ஊதியமாகாது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. அதே ஆண்டு வந்த 'சக்ஷம் அங்கன்வாடி' வழிகாட்டுதல்கள், பணியாளர் இடங்களில் பாதியை ஐந்தாண்டு அனுபவமுள்ள, தகுதியுடைய உதவியாளர்களைக் கொண்டு பதவி உயர்வில் நிரப்பச் சொல்கின்றன. ஆக, அரசின் ஏட்டிலேயே உதவியாளர் என்பவர் நாளைய டீச்சர். டீக்கடைப் பேச்சுதான் இன்னும் பின்தங்கி நிற்கிறது.

வெளியூரில் எப்படி என்று கேட்டால், பிரான்சில் மூன்று வயது மழலையர் பள்ளி வகுப்புகளில் ஆசிரியருக்குத் துணையாக இருப்பவர்கள் நகராட்சி ஊழியர்கள். போட்டித் தேர்வு எழுதி வருகிறவர்கள், குழந்தை வளர்ப்பில் சான்றிதழ் உள்ளவர்கள், கல்விச் சமூகத்தின் உறுப்பினர்களாக ஏற்கப்பட்டவர்கள். பின்லாந்தில் மூன்று வயதுக்கு மேல் ஏழு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். ஆசிரியரோடு குழந்தை பராமரிப்பு படித்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. பணக்கார நாட்டுக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் டி.வி. வாங்கக் காசு இல்லாமல் அவர்கள் ஆள் வைக்கவில்லை.

விளக்குமாற்றையும் அகப்பையையும் பிடித்த கை தாழ்ந்தது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒளிக்காமல் பேசிவிடலாம். அது சாதியிலிருந்து வந்தது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் எதிர்த்ததை நாடே பார்த்தது. நம் மாவட்டத்துக்கு இதில் வேறொரு மரபும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் பொதுக் கிணற்றையும் ஒரே பந்திச் சாப்பாட்டையும் முன்வைத்தார். சமைப்பதும் பரிமாறுவதும் சேர்ந்து உண்பதும் இந்த மண்ணில் ஒரு பெரிய பாடமாகக் கற்பிக்கப்பட்டன. பல தெருப் பிள்ளைகள் ஒரே பானைச் சோற்றை ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ணும் முதல் இடம் இன்று அங்கன்வாடிதான். அந்தப் பாடத்தை நாள்தோறும் நடத்துபவர் உதவியாளர்.

தாமதமாக வரும் உதவியாளர்கள் இல்லையா? பிள்ளைகளை அதட்டுபவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். தங்கள் வீட்டு வேலையை உதவியாளர் தலையில் கட்டும் டீச்சர்களும் இருக்கிறார்கள். சரியாக வராத டாக்டரைக் காட்டி, ஆஸ்பத்திரிக்கு டாக்டரே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. இங்கு மட்டும் குறை கண்டதும் ஆளையே தூக்கிவிடச் சொல்கிறோம். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கி உபரி ஆசிரியர்களை அங்கே அனுப்பியபோது, 'எங்களை அங்கன்வாடிக்கு அனுப்புவதா' என்று நீதிமன்றம் வரை போனவர்கள் இருந்தார்கள். பிள்ளை சிறியதாக ஆக ஆக, அதோடு நிற்பவரின் மதிப்பும் நம் கண்ணில் சிறுத்துப்போகிறது. உதவியாளர் அந்த ஏணியின் கடைசிப் படியில் நிற்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

செய்ய வேண்டியவை சில்லறைக் காரியங்கள்தாம். டீச்சருக்குக் கொடுக்கும் பாலர் கல்விப் பயிற்சியில் உதவியாளரையும் உட்காரவையுங்கள். காலியிடத்தை ஆண்டுக் கணக்கில் போட்டுவைக்காதீர்கள். அந்த நிதியாண்டில் நூறு நாள் வேலைக்குக் கொடுத்த 336 ரூபாய் தினக்கூலியையாவது 26 நாளுக்குப் பெருக்கிக் கொடுங்கள். 8,736 ரூபாய் வருகிறது, அதிகமில்லை. மேற்பார்வையாளர் வரும்போது அடுப்பங்கரையில் நிற்பவரையும் அழைத்து, எந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. நவம்பர் 1 குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். உள்ளாட்சி நாளாக அன்று கிராம சபையும் கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போனால் சாலை, தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் கேட்ட பிறகு ஒன்றைக் கூடுதலாகக் கேளுங்கள்: நம் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் இடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, எத்தனை மாதமாகக் காலி? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.